விமானிகள் கேட்ட விம்மல்

1977 மார்ச் 27 மாலை. ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளில் ஒன்றான டெனரீஃபில், லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தின் மேல் மூடுபனி இறங்கியிருந்தது. ஓடுபாதையின் ஒரு முனையில் கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747 புறப்படத் தயாராக நின்றது. அதே ஓடுபாதையில், அதற்கு எதிர்முகமாக, பான் ஆம் நிறுவனத்தின் இன்னொரு 747 மெல்ல ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் திருப்பி அனுப்பப்பட்ட விமானங்கள் இங்கே நெருக்கியடித்து நின்றன. ஊர்ந்து செல்ல வேண்டிய இணைபாதை அடைபட்டுப்போக, ஓடுபாதையிலேயே ஊர வேண்டியதாயிற்று. கோபுரத்தில் இருந்த கட்டுப்பாட்டாளரின் கண்ணுக்கு இரண்டு விமானங்களும் தெரியவில்லை. தரையைக் காட்டும் ரேடாரும் அங்கே இல்லை. மூன்று தரப்பையும் பிணைத்திருந்தது வானொலி மட்டுமே.

கே.எல்.எம். விமானத்துக்கு, மேலெழுந்தபின் எந்த வழியில் பறக்க வேண்டும் என்ற அனுமதி கிடைத்தது. புறப்படும் அனுமதி அல்ல அது. ஆனால் அதற்குள்ளும் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல் இருந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, ‘வீ ஆர் நௌ அட் டேக்-ஆஃப்’ என்று முடித்தார். புறப்படும் இடத்தில் காத்திருக்கிறார்கள் என்று கட்டுப்பாட்டாளர் எடுத்துக்கொண்டார். உண்மையில் விமானம் ஓடத் தொடங்கியிருந்தது. நடந்துகொண்டிருக்கும் செயலை ‘அதில் இருக்கிறோம்’ என்பதுபோலச் சொல்லும் வழக்கம் டச்சு மொழியில் உண்டு. தாய்மொழியின் அந்த வார்ப்பு ஆங்கிலத்துக்குள் நுழைந்திருக்கலாம் என்று மொழியியலாளர் சிலர் கருதுகின்றனர். நாமும் வீட்டுவாசலில் நின்றுகொண்டே தொலைபேசியில் ‘இதோ வந்துவிட்டேன்’ என்கிறோம். கேட்பவர் தமிழர் என்பதால் அதன் பொருள் புரிந்துவிடுகிறது. ஓடுபாதையில் பேசியவர் டச்சுக்காரர், கேட்டவர் ஸ்பானியர், இடையில் இருந்தது இருவருக்கும் அன்னியமான ஆங்கிலம்.

கட்டுப்பாட்டாளர் முதலில் ‘ஓகே’ என்றார். சிறு இடைவெளி. பிறகு, ‘புறப்படக் காத்திருங்கள், நான் அழைக்கிறேன்’ என்றார். அந்த இடைவெளியில் பான் ஆம் விமானிகளும் பதறிப்போய்த் தங்கள் வானொலியின் பேசும் பொத்தானை அழுத்தி, ‘நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் ஊர்ந்துகொண்டிருக்கிறோம்’ என்றனர். உயிர்காக்கும் இரண்டு வாக்கியங்கள் ஒரே நேரத்தில் கிளம்பின. கே.எல்.எம். விமானியறையில் கேட்டது ‘ஓகே’ என்ற சொல்லும், அதன்பின் மூன்று நான்கு விநாடி நீண்ட ஒரு கீச்சொலியும்தான்.

அந்த ஒலி எப்படிப் பிறந்தது? தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர்களைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு தந்திகள் ஏறக்குறைய ஒரே சுருதிக்கு வந்தும் முழுதாகச் சேராமல் இருக்கும்போது, ஒலி எழும்பியும் தணிந்தும் ஊசலாடும். இயற்பியல் பாடநூல்களில் இதற்கு ‘விம்மல்’ என்று பெயர். எவ்வளவு பொருத்தமான சொல்! விநாடிக்கு எத்தனை விம்மல் என்பது இரு தந்திகளின் அதிர்வெண்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டுக்குச் சமம்.

விமான வானொலியிலும் இதுவே நிகழ்கிறது. பொத்தானை அழுத்தியதும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸுக்குள் ஓர் ஊர்தி அலை கிளம்புகிறது. பேசுபவரின் குரல் அந்த அலையின் வீச்சைக் கூட்டியும் குறைத்தும் அதன்மேல் ஏறிச் செல்கிறது. இதுதான் வீச்சுப் பண்பேற்றம். விநாடிக்குச் சுமார் 12 கோடி முறை அதிரும் இரண்டு ஊர்தி அலைகள், அதில் வெறும் ஆயிரம் அதிர்வு விலகியிருந்தால் போதும். லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாத இந்தப் பிழை கருவிகளில் இயல்பானது. ஆனால் இரண்டு அலைகளும் ஓர் ஏற்பியில் கலக்கும்போது, அந்த ஆயிரம் ஹெர்ட்ஸ் வேறுபாடு காது நன்றாகக் கேட்கும் எல்லைக்குள் வந்து விழுகிறது. கீச்சென்ற சீழ்க்கையாகக் கேட்பது அதுதான். இரு குரல்களும் அதனடியில் நசுங்கிப்போகின்றன.

அப்படியானால் பண்பலை வானொலிகளைப்போல அதிர்வெண் பண்பேற்றத்துக்கு மாறிவிடலாமே என்று தோன்றும். பழைய முறை நீடிப்பதற்கு, உலகம் முழுவதும் பரவிக்கிடக்கும் கருவிகளை மாற்றும் பெருஞ்செலவும் ஒரு காரணம். ஆனால் பண்பலை ஏற்பி வலுவான அலையைப் பிடித்துக்கொண்டு, வலுக்குறைந்ததை அடியோடு விழுங்கிவிடும். இன்னொருவர் பேசினார் என்பதற்கு அடையாளமே இருக்காது. இங்கே சீழ்க்கையாவது மிஞ்சுகிறது. இருவர் சேர்ந்து பேசிவிட்டார்கள், ஏதோ தவறிப்போயிற்று என்று அது சொல்கிறது. டெனரீஃபில் அந்த ஒலியைக் கேட்டும் எவரும் ‘மறுபடி சொல்லுங்கள்’ என்று கேட்காததுதான் என்னை மிகவும் வதைக்கிறது. பிறகு வந்த வானொலிப் பேச்சைக் கேட்ட கே.எல்.எம். விமானப் பொறியாளர் ஒருவர் மட்டும், ‘அந்த பான் ஆம் இன்னும் விலகவில்லையா?’ என்று சந்தேகம் எழுப்பினார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்திச் சொன்னார். மோதலில் 583 பேர் இறந்தார்கள். பான் ஆம் விமானத்தில் இருந்தவர்களில் 61 பேர் பிழைத்தனர், கே.எல்.எம். விமானத்தில் ஒருவரும் இல்லை.

அதன்பின் விதிகள் இறுகின. ‘டேக்-ஆஃப்’ என்ற சொல் புறப்பட அனுமதிக்கும்போதும் அந்த அனுமதியை ரத்துசெய்யும்போதும் மட்டுமே உச்சரிக்கப்படும். மற்ற நேரத்தில் ‘டிபார்ச்சர்’. முக்கியமான ஆணைகளை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், கட்டுப்பாட்டாளர் அதைச் சரிபார்க்க வேண்டும்.

சரிபார்க்கும் காதும் தவறலாம். 1989 பிப்ரவரி 19 அன்று கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்தை நெருங்கிய ஃபிளையிங் டைகர் சரக்கு விமானத்தை 2400 அடிக்கு இறங்கச் சொல்ல, கட்டுப்பாட்டாளர் ‘டூ ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்றார். ஆங்கிலத்தில் ‘டூ’ என்பது இரண்டும் ஆகும், நம்முடைய ‘க்கு’ உருபும் ஆகும். நானூறு அடிக்கு இறங்கச் சொல்கிறார் என்று புரிந்துகொண்ட விமானக்குழு, ‘ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்று பதிலளித்தது. பிழை அந்தப் பதிலிலேயே இருந்தும் யாரும் திருத்தவில்லை. விமானம் குன்றில் மோதி அதிலிருந்த நால்வரும் மாண்டனர். ‘இரண்டாயிரத்து நானூறுக்கு’ என்னும் தமிழில் இந்தக் குழப்பத்துக்கு வழியே இல்லை.

வானொலியும் தன் பங்குக்குச் சொற்களைத் தேய்க்கிறது. பழைய தொலைபேசியைப்போல அதுவும் குரலின் உயர் அதிர்வெண்களை வெட்டிவிடும். ‘ஸ’, ‘ஃப’ போன்ற உரசொலிகளின் உயிர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. மெய்கள் மங்கி நடுவிலுள்ள உயிரொலி மட்டும் எஞ்சினால், ‘ஃபைவ்’, ‘நைன்’ இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும். அதனால்தான் ஒன்பதை ‘நைனர்’ என்கிறார்கள். ‘அஃபர்மேட்டிவ்’ என்பதன் தலை வெட்டுப்பட்டால் ‘நெகட்டிவ்’ என்று கேட்டுவிடக்கூடும் என்பதால், ஆமோதிக்க ‘அஃபர்ம்’ என்று சுருக்கமாக நிறுத்திக்கொள்கிறார்கள்.

கடலுக்கு மேலே நெடுந்தொலைவு பறக்கும் விமானங்களுக்கு ஆணைகள் எழுத்துச் செய்தியாகவும் போகின்றன. ஓடுபாதையருகே தட்டச்சு செய்ய நேரமில்லை; அங்கே இன்றும் குரல்தான். இருவர் ஒரே நேரத்தில் பேசி அந்தக் கீச்சொலி எழுந்தால், அதே அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருக்கும் மூன்றாவது விமானத்திலிருந்து ஒருவர் பொத்தானை அழுத்தி ‘பிளாக்ட்’ (அடைபட்டுவிட்டது) என்று ஒற்றைச் சொல் சொல்வார். பேசிய இருவரும் நிறுத்தி, ஒருவர் பின் ஒருவராக மறுபடி சொல்வார்கள்.