மழைநீர் சேகரிப்பு: வீட்டுக்கு உரியவரும் குடியிருப்பவரும் அறிய வேண்டிய சட்டக் கடமை

பருவமழை தொடர்ந்து பொய்த்ததால் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, சென்னை நகரம் லாரித் தண்ணீரை நம்பியிருந்த 2003-ஆம் ஆண்டில், தமிழக அரசு உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தி, மாநிலம் முழுவதும் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. புதிதாக வீடு கட்டுவோருக்கு மட்டுமே இது பொருந்தும் என்று பலர் எண்ணுகிறார்கள், அது சரியன்று. அன்று ஏற்கெனவே இருந்த கட்டடங்களுக்கும், அரசுக் கட்டடங்களுக்கும் சேர்த்தே இக்கடமை விதிக்கப்பட்டது. புதிய கட்டடங்களுக்கு 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் இதை வலியுறுத்துகின்றன.

பொறுப்பு உரிமையாளருக்கு மட்டுமன்று, குடியிருப்பவருக்கும் உண்டு. ஒரு கட்டடம் பலருக்குச் சொந்தமானால், அல்லது அதில் பலர் குடியிருந்தால், ஒவ்வொருவரும் பொறுப்பாவர் என்று 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறியது. ஆகவே அடுக்குமாடிக் குடியிருப்பில் “சங்கம் பார்த்துக்கொள்ளும்” என்று தனி வீட்டுக்காரர் ஒதுங்கிவிட இயலாது. கட்டமைப்பை அமைக்கத் தவறினால், உள்ளாட்சி அமைப்பே அறிவிப்புக் கொடுத்து அதை அமைத்து, செலவைச் சொத்துவரியைப் போல வசூலிக்கலாம். அமைக்கும் வரை குடிநீர் இணைப்பைத் துண்டிக்கவும் அத்திருத்தம் வழிசெய்தது.

எந்த வகைக் கட்டமைப்பு என்பதை மண்தான் முடிவு செய்கிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற மணற்பாங்கான கடலோரப் பகுதிகளில் ஆழம் குறைந்த கசிவுநீர்க் குழியே போதும். களிமண் பகுதிகளில் அத்தகைய குழி நிரம்பி வழியுமே தவிர நீர் இறங்காது. அங்கே களிமண் படுகையைத் துளைத்து, கீழுள்ள மணற்படுகையை எட்டும் துளையுடன் கூடிய கிணறு தேவை. வற்றிப்போன பழைய கிணறு இருந்தால் அதையே பயன்படுத்தலாம். எதுவாயினும், மாடி நீர் கூழாங்கல், ஜல்லி, மணல் நிரப்பிய வடிகட்டியைக் கடந்தே உள்ளே செல்ல வேண்டும். கழிவுநீரும் குளியல் நீரும் ஒருபோதும் கலக்கக் கூடாது.

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர் கிடைக்கிறது. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர் என்பதால், 100 சதுர மீட்டர் மாடியில் விழுவது ஏறத்தாழ 1,40,000 லிட்டர். ஆவியாதல் போன்ற இழப்பு ஐந்தில் ஒரு பங்கு என்று கொண்டாலும், 1 லட்சம் லிட்டருக்கு மேல் நிலத்துக்குள் செலுத்த இயலும். 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஒரு நகரத்துக்கு இது சிறிய அளவன்று.

ஆனால் கட்டமைப்பு இருந்தால் மட்டும் போதாது, அது இயங்கவும் வேண்டும். சேறும் சருகும் அடைத்த குழி ஆய்வின்போது கணக்கில் சேரலாம், நீரைச் சேர்க்காது. அமைப்பதில் காட்டிய கண்டிப்பைப் பராமரிப்பிலும் உள்ளாட்சி அமைப்புகள் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சென்னையின் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையே பெய்வதால், புரட்டாசி முடிவதற்குள் மாடியைக் கூட்டி, குழாய் அடைப்பை நீக்கி, வடிகட்டியின் மேல்மணலை அள்ளிக் கழுவியோ மாற்றியோ போட்டுவிட வேண்டும். முதல் மழையின் அழுக்கு நீரை மட்டும் வெளியே விட்டுவிட்டு, அதன் பின் குழாயைக் குழிக்குத் திருப்பிவிடலாம்.