யோக்: நுகம் என்பதே நேர்ச்சொல்

பெரிய துகள் உணர்கருவிகளின் கட்டமைப்பைப் பற்றித் தமிழில் எழுதுவோர், காந்தச் சுருளைச் சூழ்ந்த எஃகுக் கட்டமைப்பைக் குறிக்கும் ‘யோக்’ (yoke) என்ற சொல்லைச் ‘சட்டகம்’ என்றோ ‘இரும்பு உறை’ என்றோ பெயர்த்துவிடுவது உண்டு. தாங்குவதையும் மூடுவதையும் அச்சொற்கள் உணர்த்துகின்றன, பிணைப்பதை உணர்த்துவதில்லை. யோக்கின் உயிர்ப்பொருளே பிணைப்புதான்.

ஆங்கில யோக், இலத்தீன் யுகும், வடமொழி யுகம் ஆகிய மூன்றும் ‘சேர்த்துப் பூட்டு’ என்னும் பொருளுடைய ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. மூன்றுமே இரு காளைகளின் கழுத்தில் பூட்டும் மரத்தைக் குறித்தன. சங்கப் பாடல்களிலேயே காணப்படும் நம் நுகத்தையும் யுகத்தோடு தொடர்புபடுத்துவோர் உண்டு. மின்மாற்றியின் இரு தூண்களை இணைக்கும் இரும்புப் பகுதிக்கும் இப்பெயரே வந்தது.

ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் சி.எம்.எஸ். உணர்கருவியில், 3.8 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) புலத்தில் இயங்கும், மின்தடையற்ற கம்பிச்சுருளான மீக்கடத்தி வரிச்சுருளின் ஒரு முனையில் வெளிவரும் காந்தப்புலக் கோடுகளை மறுமுனைக்குத் திருப்பிக் கொண்டுசெல்வது இந்த எஃகு நுகமே. இரு முனைகளையும் அது பூட்டுகிறது. மியூயான் என்னும் துகள்களைப் பதிவுசெய்யும் கருவிகளான மியூயான் அறைகளை அதன் அடுக்குகளுக்கிடையே செருகியிருப்பதால், சுமை தாங்கும் வேலையும் அதன் மேலேயே விழுகிறது.

ஒரே வார்ப்பாக இருந்தால் உள்ளே கை நுழையாது. ஆகவே அது 5 சக்கரங்களாகவும், இருபுறமும் 3 பெரிய தட்டுகளாகவும் பகுக்கப்பட்டது. நடுச் சக்கரம் வரிச்சுருளைச் சுமந்தபடி அசையாமல் நிற்கும். ஏறத்தாழ 1,920 டன் எடையுள்ள அப்பகுதியை 2007 பிப்ரவரி 28 அன்று 100 மீட்டர் ஆழக் குழிக்குள் மெல்ல மெல்ல இறக்கினார்கள். பராமரிப்புக் காலத்தில் மற்றச் சக்கரங்களின் அடியிலுள்ள மெத்தைகளில் அழுத்தக் காற்றைச் செலுத்துவார்கள். தரையோடு உராய்வு பெரிதும் குறைய, நூற்றுக்கணக்கான டன் எஃகு மெதுவாக நகர்ந்து வழிவிடும். சக்கரங்கள் விலகுவதற்கான இந்த இடைவெளியை முதல் வரைபடத்திலேயே ஒதுக்காவிட்டால், பின்னால் பழுதடைந்த ஓர் அறையைக்கூட வெளியே எடுக்க முடியாது.

நுகத்தின் நடுவில் அடிக்கும் ஆணியைப் பகலாணி என்பார்கள். இங்கே பகல் என்றால் நடு. இருபுறமும் மற்றவை விலக, தான் நிலைத்து நிற்கும் அந்த நடுச் சக்கரத்தைப் ‘பகற்சக்கரம்’ என்றும், முழு அமைப்பைக் ‘காந்த நுகம்’ என்றும் வழங்கலாம் என்பது என் பரிந்துரை.