சிப்பி கிடந்த உயரம் கடல் நின்ற உயரம் இல்லை

இந்த மாதம் மேசைக்கு வந்த மூன்றாவது பை இது. உள்ளே ஒரு கைப்பிடி சிப்பி. "40 மீட்டர் உயரத்தில் கிடைத்தது சார், அப்போ கடல் 40 மீட்டர் ஏறியிருந்திருக்கு, சரிதானே?" சரியில்லை. மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

கடல் மட்டும்தான் ஏறி இறங்கும், தரை அசையாது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்தில் பொட்சுவோலி என்ற ஊரில் ரோமானியர் கால அங்காடி ஒன்றின் மூன்று பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. அடியிலிருந்து மூன்றரை மீட்டர் வரை வழுவழுப்பு, அதற்கு மேல் இரண்டரை மீட்டருக்கும் கூடுதலாக, கல்லைத் துளைக்கும் கடல் சிப்பிகள் போட்ட ஓட்டைகள். கடல் அவ்வளவு உயரம் ஏறவில்லை, எரிமலைப் பகுதியான அந்த நிலம் தூண்களோடு சேர்ந்து அமிழ்ந்து, பிறகு மேலே வந்தது. 1982 முதல் 1984 வரை மட்டும் அங்கே தரை ஏறத்தாழ 1.8 மீட்டர் எழும்பியது.

அவ்வளவு தூரம் போவானேன், 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் வட அந்தமானில் பவளத்திட்டுகள் தண்ணீருக்கு மேலே தூக்கப்பட்டு வெளுத்துச் செத்தன, நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது. கடல் ஒன்றுதான், நாளும் ஒன்றுதான். பின்னாளில் இந்த இரண்டு இடங்களையும் அளப்பவர் ஒன்றில் கடல் இறங்கியது என்பார், இன்னொன்றில் ஏறியது என்பார். பப்புவா நியூ கினியின் ஹுவான் தீபகற்பத்தில் பவளப்படிகள் மலையேறி நிற்பதும் இப்படித்தான். 1,25,000 ஆண்டுகளுக்கு முந்தைய பவளம் அங்கே 100 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அன்றைய கடலோ இன்றைக்கு இருப்பதைவிட 6 முதல் 9 மீட்டர்தான் கூடுதல். மிச்சமெல்லாம் நிலம் எழும்பிய கணக்கு.

அப்புறம், உதிரிச் சிப்பி எனக்கு வேண்டாம். புயல் அலை வீசியிருக்கும், பறவை போட்டிருக்கும், யாரோ தின்றுவிட்டு எறிந்திருப்பார்கள். பாறையில் ஒட்டியபடியே இருக்கும் சிப்பியைக் காட்டுங்கள், அலை குடைந்த பள்ளத்தைக் காட்டுங்கள். இல்லையென்றால் தட்டையான தலையுள்ள பவளம். அது வற்றத்தின்போது நீர் நிற்கும் அளவுக்குமேல் வளராது, உச்சி காய்ந்து செத்து, பக்கவாட்டில் வட்டமாகப் பரவும். நம்பக்கூடிய அளவுகோல் அதுதான்.

போன் காட்டும் உயரத்தைத் தயவுசெய்து எழுதி வராதீர்கள். சில செயலிகள் திருத்தமில்லாத ஜிபிஎஸ் உயரத்தையே காட்டும், அது கடல் மட்டத்திலிருந்து அளந்தது இல்லை, பூமிக்குக் கணக்கில் வைத்திருக்கும் ஒரு வழவழப்பான வடிவத்திலிருந்து அளந்தது. இந்தியாவின் தென்கோடியில் கடற்கரையில் நின்றால்கூட அது மைனஸ் 90 மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். அதே இனம் இன்று பக்கத்துக் கரையில் எந்த மட்டத்தில் வாழ்கிறது என்று பார்த்து, அங்கிருந்து அளந்து வாருங்கள். வயதிலும் ஒரு சிக்கல் உண்டு: கடல் சிப்பியைக் கார்பன் முறையில் பார்த்தால் சாதாரணமாக 400 ஆண்டு போலக் கூட்டிக் காட்டும், கழிக்க வேண்டும். (20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. அந்தக் கரைகளெல்லாம் இப்போது நீருக்கடியில், அதையெல்லாம் யாரும் பையில் கொண்டுவருவதில்லை.)

எதையும் பெயர்க்காதீர்கள். அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அது போதும். மூன்றாவது பையில் ஒரு சிப்பியின் அடியில் பாறைத் துண்டு ஒட்டியிருந்தது, உளி பட்ட தடம் புதுசாக. மொத்தப் பையிலும் உருப்படியான சாட்சி அது ஒன்றுதான். எங்கிருந்து உடைத்தீர்கள் என்று கேட்டேன். அங்கே நாலைந்து பாறை இருந்தது சார், அதில் ஏதோ ஒன்று என்கிறார்.