சோற்றை விட்டால் தசை வராது

திரும்பவும் அதே கதை. 22 வயதுப் பெடியன். காலையில் தண்ணீரில் கலக்கிய புரதப் பவுடர், மத்தியானம் ஆறு முட்டையின் வெள்ளைக்கரு, இரவும் அதே. சோறு இல்லை, புட்டு இல்லை, ஒரு துண்டு பாண்கூட இல்லை. நான்காவது கிழமை ஜிம்மில் பாரம் தூக்கும்போது கண் இருண்டு விழுந்தவனைத் தாயும் தகப்பனும் எங்கள் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "உடம்பு ஏத்தப் போனவன், இப்பிடி வத்திப்போனானே" என்று தாய் அழுகிறார். அவர் சொல்வது சரி. அவனிடம் குறைந்தது கொழுப்பு மட்டுமல்ல, தசையும்தான்.

உடற்பயிற்சி செய்யுங்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்த எங்களுக்கு, இளம் ஆட்கள் ஜிம்முக்குப் போவது சந்தோசம். ஆனால் "சோறுதான் தொப்பைக்குக் காரணம், அதை நிறுத்தினால் சிக்ஸ் பேக்" என்ற கதையை யார்தான் கிளப்பி விட்டார்களோ, அதோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போனோம்.

சோற்றை நிறுத்தி முதல் கிழமையிலேயே இரண்டு கிலோ குறைந்தது என்று தராசைக் காட்டுகிறார்கள். அது பெரும்பாலும் தண்ணீர். தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்திருக்கிற மாச்சத்தின் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும். சேமிப்பு தீர்ந்தால் தண்ணீரும் போய்விடும். ஒரு நாள் வயிறாரச் சோறு சாப்பிட்டால் அது திரும்பி வரும். உடனே "பாத்தீங்களா, சோறு சாப்பிட்டதும் ஏறிட்டு" என்பார்கள். ஏறியது கொழுப்பு அல்ல என்பதை எத்தனை தரம் சொன்னாலும் நம்புவதில்லை. பாரம் தூக்குகிற தசைக்கு எரிபொருள் அந்த மாச்சத்துத்தான். அது இல்லாமல் பயிற்சி செய்தால் தூக்குகிற பாரம் குறையும், தசைக்கு வளரவேண்டிய தேவையும் குறையும். சாப்பிடுகிற புரதத்திலும் ஒரு பங்கு சக்திக்காக எரிந்து போகும். அவ்வளவு காசு கொடுத்து வாங்கிய பவுடர் விறகாகப் போகிறது.

உண்மையில் எங்கே கை வைக்கவேண்டும் என்று பாருங்கள். வன்னியில் வயலில் நிற்பவருக்கும் கந்தோரில் இருப்பவருக்கும் ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி சாதாரணம். ஒவ்வொன்றிலும் மூன்று தேக்கரண்டி சீனி என்றால் 60 கிராம், ஏறக்குறைய 240 கலோரி. பின்னேரம் இரண்டு றோல்ஸ், அதற்கு மேலே சோடா. கறியில் கூடுதலாக ஊற்றுகிற ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் 120 கலோரி. சமைத்த சோறு 100 கிராமில் இருப்பது 130 கலோரிதான். தொப்பை குறைய ஒரு நாளைக்கு 300 முதல் 500 கலோரி வரை குறைத்தால் போதும். சீனியையும் பொரியலையும் விட்டாலே அதில் பெரும்பகுதி சரி. மிச்சத்துக்குக் குவித்துப் போடுகிற சோற்றைச் சமமாகப் போடுங்கள். அவ்வளவுதான். சிவப்பரிசி, மொட்டைக்கறுப்பன் அரிசி, குரக்கன் புட்டு என்றால் பசி தாங்கும், இன்னும் நல்லது.

புரதத்துக்கு வருவோம். ஒழுங்காகப் பாரம் தூக்குகிறவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.6 கிராம் போதும். 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். இதற்கு வெளிநாட்டு டப்பா தேவையில்லை. காலையில் அவித்த முட்டை இரண்டு, அவித்த பயறு ஒரு கோப்பை: 26 கிராம். மத்தியானம் சோறு, பருப்பு, உள்ளங்கையளவு தடிப்பான மீன் துண்டு ஒன்று அல்லது இரண்டு: 40 கிராமுக்கு மேலே. பின்னேரம் ஒரு கோப்பை தயிரும் ஒரு பிடி கச்சானும்: 15. இரவு ரொட்டி அல்லது புட்டோடு 30 கிராம் சோயா மீற், ஒரு முட்டை: 20க்கு மேலே. கூட்டிப் பாருங்கள், நூறு தாண்டுகிறது. முல்லைத்தீவுக் கடலின் சூடையும், குளத்து ஜப்பான் மீனும் விராலும் நம் வீட்டு வாசலுக்கே சைக்கிளில் வருகின்றன. அதைப் பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். நெத்தலிக் கருவாட்டில் புரதம் நிறைய உண்டு, உப்பும் நிறைய உண்டு. ஊறவைத்துக் கழுவி, அளவாக.

முட்டையைப் பச்சையாகக் குடிக்காதீர்கள். அவித்த முட்டையின் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கு உடம்பில் சேரும். பச்சையில் ஏறக்குறைய பாதிதான் சேரும், கிருமி வேறு. மஞ்சட்கருவை நாய்க்குப் போடுகிற பழக்கத்தையும் விடுங்கள். புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்குமேல் அதில்தான் இருக்கிறது.

சோயா மீற் சாப்பிட்டால் ஆண்களுக்கு மார்பு வைக்கும் என்று பயந்து அதை ஒதுக்குகிறவர்கள், ஜிம்மில் யாரோ கொடுத்த ஹோர்மோன் ஊசியைப் பயமில்லாமல் போடுகிறார்கள். சாப்பாட்டில் சேர்க்கிற அளவு சோயாவால் மார்பு வளராது. அந்த ஊசியால் வளரும். விதை சுருங்கும், விந்து குறையும், பிள்ளைப்பேறு தள்ளிப்போகும். ஒரே ஊசியை இருவர் பாவித்தால் என்னென்ன தொற்றும் என்று சொல்லத் தேவையில்லை.

பயிற்சியைப் பற்றி நீட்டவில்லை. ஒவ்வொரு தசைக்கூட்டத்துக்கும் கிழமைக்கு இரண்டு தரம், பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. இரவு ஏழு மணித்தியாலம் நித்திரை. வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்து வயிற்றுக் கொழுப்பைக் கரைக்க முடியாது.

தராசை மட்டும் நம்பாதீர்கள். கிழமைக்கு ஒரு நாள், காலையில் மலசலம் கழித்த பிறகு, தையல்காரரின் அளவுநாடாவால் இடுப்பை அளவுங்கள். எடை அப்படியே நிற்க இடுப்புக் குறைகிறதா? கொழுப்புப் போய்த் தசை வருகிறது, அதே வழியில் போங்கள். கிழமைக்கு அரைக் கிலோவுக்கு மேலே இறங்கிக்கொண்டே போனால் சாப்பாடு காணாது. தெற்காசிய ஆண்களுக்கு இடுப்பு 90 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது. கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் முன்னுக்கு நிற்கிற உடல்வாகு நம்மில் அதிகம், அவர்களுக்குப் பட்டினி அறவே உதவாது. ஏற்கெனவே ஒல்லியான பிள்ளைகளே, உங்களுக்கு எதைக் குறைக்கிற வேலையும் இல்லை. கூட்டிச் சாப்பிடுங்கள். பெண் பிள்ளைகளுக்கு, சாப்பாட்டைக் குறைத்து மாதவிடாய் தவறினால் அன்றே அந்தக் கட்டுப்பாட்டை நிறுத்துங்கள், பிறகு கிளினிக்குக்கு வாருங்கள்.

சிறுநீரகம் பற்றி ஒன்று. நல்ல சிறுநீரகத்தை இந்த அளவு புரதம் கெடுக்காது. ஆனால் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் சர்க்கரையோ பிரஷரோ இல்லாத விவசாயிகளுக்கே சிறுநீரக நோய் வருகிறது, ஆரம்பத்தில் ஒரு அறிகுறியும் இராது. எனவே புரதத்தைக் கூட்டுவதற்கு முதல் இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றுகிற ஒரு கழிவு), சிறுநீரில் புரதம் இரண்டையும் பார்த்துவிடுங்கள். குடும்பத்தில் யாருக்கும் நோய் இருந்தால் கட்டாயம். பாரம் தூக்கப் பலம் வரும் என்று கிரியேட்டின் பவுடர் பாவிக்கிறவர்கள் அதை வைத்தியரிடம் முதலே சொல்லுங்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் இரத்த அறிக்கையில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறிக் காட்டும், சொல்லாவிட்டால் வீணாக அலைவீர்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் மூச்சு முட்டப் பயிற்சி செய்துவிட்டு, அடுத்த நாள் தசை வீங்கி, சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால் வீட்டில் இளநீர் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். உடைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கடைசியாக, உடம்பு வைக்கிற குளிசை. பெயரில்லாத பைக்கற்றில் கைக்குக் கை மாறுகிற இவற்றில் பலதும் டெக்ஸாமெதசோன் அல்லது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து. கன்னம் ஊதும், வயிறு வைக்கும், பார்ப்பவர் "நல்லா வந்திட்டாய்" என்பார். உள்ளுக்குள் தொடையிலும் புயத்திலும் தசை கரைகிறது, சர்க்கரையும் பிரஷரும் ஏறுகின்றன. ஜிம் நடத்துகிற தம்பிமாரே, உங்கள் கையால் இதைக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து.

ஏற்கெனவே கிழமைக்கணக்கில் போட்டுவிட்டீர்கள் என்றால் பயத்தில் திடீரென்று நிறுத்தாதீர்கள். உடம்பு தன் சொந்த ஸ்டீரொயிட்டைச் சுரக்க மறந்திருக்கும். வாந்தி, மயக்கம், பிரஷர் விழுதல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும், அதை நாங்கள் செய்து தருவோம். மிச்சக் குளிசையோ வெறும் மட்டையோ, இருப்பதைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். யாரும் ஏசமாட்டோம்.