செயலி தரும் மதிப்பெண் மதிப்பீடு ஆகாது

"செயலியில் தொண்ணூற்றைந்து விழுக்காடு எடுக்கிற பிள்ளை, எழுத்துத் தேர்வில் பாதிக்கும் கீழே போனது எப்படி?" இந்தப் பருவத்தில் இந்தக் கேள்வியோடு என்னைப் பார்க்க வந்த நான்காவது பெற்றோர் அவர். விடைத்தாளைத் திருத்தியதில் ஏதோ பிழை இருக்கிறது என்ற ஐயம் அவர் குரலில் தெரிந்தது. பிள்ளைகள் கணக்குப் பயிற்சி செய்யும் அந்தச் செயலியிலிருந்து, வாரந்தோறும் பச்சை நிறக் கட்டங்கள் நிறைந்த அறிக்கையை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள்தான் என்பதால், அந்த ஐயத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஐந்தாம் வகுப்பில் படிக்கும் அந்தச் சிறுமியை அருகே அமர்த்தி, 503இலிருந்து 247ஐக் கழிக்கச் சொன்னேன். சற்றும் தயங்காமல் 344 என்று எழுதினாள். எப்படி வந்தது என்று கேட்டதற்கு, "பெரியதிலிருந்துதானே சின்னதைக் கழிக்கணும், மிஸ்?" என்றாள். ஏழில் மூன்று போனால் நான்கு, நான்கில் பூச்சியம் போனால் நான்கு, ஐந்தில் இரண்டு போனால் மூன்று என்று ஒவ்வோர் இடத்திலும் அந்த விதியைப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறாள். கவனக்குறைவு என்று இதைச் சொல்ல முடியாது. ஒரு தவறான விதியை அவள் மிகக் கவனமாகப் பின்பற்றியிருக்கிறாள். கழித்தலில் குழந்தைகள் செய்யும் பிழைகள் பலவும் இப்படி ஒழுங்கான விதிகளிலிருந்தே பிறக்கின்றன என்பதை ஆய்வாளர்கள் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் ஆகிய இருவரும் 1978லேயே விரிவாக எழுதிவிட்டார்கள்.

இதே கணக்குக்கு இன்னொரு பிள்ளை 266 என்று எழுதும். அதற்குக் கடன் வாங்கத் தெரியும். பூச்சியத்தைப் பத்தாக்கிய பிறகு, அதிலிருந்து ஒன்றைக் கொடுத்ததால் ஒன்பதாகக் குறைக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிட்டது. மூன்றாவது பிள்ளை சரியாகக் கணக்கிட்டு, 256 என்பதை 265 என்று மாற்றித் தட்டிவிடும். முதல் பிள்ளைக்கு இடமதிப்பை அடியிலிருந்து சொல்லித்தர வேண்டும், இரண்டாம் பிள்ளைக்கு ஒரே ஒரு படியைச் சரிசெய்தால் போதும், மூன்றாம் பிள்ளைக்குக் கற்பிக்க எதுவுமே இல்லை. விடையை மட்டும் பார்த்துச் சரி, தவறு என்று பிரிக்கும் செயலியோ மூவருக்கும் ஒரே சிவப்புக் குறியைப் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறது. உடனுக்குடன் மதிப்பெண் வருகிறதே, அதுதானே மதிப்பீடு என்று கேட்பவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: எண்ணிக்கை வருவது வேறு, மதிப்பிடுவது வேறு. பிள்ளை என்ன நினைத்து அந்த விடைக்கு வந்தது என்று தெரிந்து, நாளைய பாடத்தை அதற்கேற்ப மாற்றிக்கொண்டால்தான் அது வளரறி மதிப்பீடு.

சரியான விடையையும் அப்படியே நம்பிவிட முடியாது. 0.3, 0.75 இரண்டில் எது பெரியது என்று கேட்டால், 75 என்பது 3ஐவிடப் பெரியது என்று எண்ணும் பிள்ளையும் சரியாகவே சொல்லிவிடும். 0.8, 0.65 என்று கேட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். கேள்வியைத் தேர்ந்தெடுப்பது ஆசிரியரின் வேலை. வினா வங்கியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இருபதை எடுத்துப் போடுவது அந்த வேலையைக் கைவிடுவதாகும்.

அப்படியானால் தொண்ணூற்றைந்து எங்கிருந்து வந்தது? அதே 20 கொள்குறி வினாக்களை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம் என்று விட்டிருந்தோம். நான்கு விடைகளில் ஒன்றைக் குருட்டுத்தனமாகத் தொட்டாலே சராசரியாக 5 மதிப்பெண் விழும். தவறியதை நினைவில் வைத்துக்கொண்டு வேறொன்றைத் தொட்டால் இரண்டாம் சுற்றில் 10, மூன்றாவதில் 15, நான்காவது சுற்றில் முழு மதிப்பெண், அதுவும் கழித்தலே தெரியாமல். செயலியில் பதிவாகும் முயற்சிகளின் எண்ணிக்கையை எங்களில் ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

தொழில்நுட்பத்தைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. நாற்பது நோட்டுகளைத் திருத்தும் மாலைப் பொழுது எப்படிப்பட்டது என்பது எனக்கும் தெரியும். தவறான ஒரு வழிமுறையைப் படம் பிடித்து, பெயரை மறைத்துத் திரையில் காட்டி, எங்கே வழி தவறியது என்று வகுப்பையே பேசவைப்பதற்கு செயலி ஓடும் அதே கருவியைப்போல உதவுவது வேறில்லை. படித்ததை நினைவிலிருந்து மீட்டெடுக்கும் பயிற்சிக்கும் அது உதவும், ஆனால் விடையைத் தொடுவதோடு நின்றுவிடக் கூடாது. உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் ஆகியோரின் 2006ஆம் ஆண்டு ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள்.

சக ஆசிரியர்களிடம் கறாராகவே சொல்கிறேன். செயலியின் தரவரிசைப் பலகையை இன்றே அணைத்துவிடுங்கள். கடைசி இடத்தில் தன் பெயரைத் தினமும் பார்க்கும் பிள்ளை அதிலிருந்து கணக்கைக் கற்றுக்கொள்வதில்லை. முதல் முயற்சியின் மதிப்பெண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு கணக்கையாவது தாளில், வழிமுறையோடு வாங்குங்கள். அதைத் திருத்தும்போது மதிப்பெண் போடாமல் குறிப்பு மட்டும் எழுதுங்கள். குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள், குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை என்று கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988லேயே காட்டியிருக்கிறார். மதிப்பெண்ணைப் பார்த்த கண் குறிப்பைப் படிப்பதில்லை. வகுப்பறையில் நாம் அன்றாடம் காண்பதுதான்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். இன்று எத்தனை விழுக்காடு என்று கேட்பதற்கு முன், தவறிப்போன ஒரு கணக்கைத் தாளில் போட்டுக் காட்டச் சொல்லி, பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். குறுக்கிட்டுத் திருத்த வேண்டாம், திட்டவும் வேண்டாம். பிள்ளை சொன்னதை அப்படியே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். "பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கணும்" என்ற அந்த ஒரு வரி ஐந்து வாரங்களுக்கு முன்பே என் கைக்கு வந்திருந்தால், அந்தச் சிறுமிக்கு இடமதிப்பை அன்றே தொடங்கியிருப்பேன்.