கடல் ஓவியத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள்

போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பரணிலிருந்து இறங்கும் படங்கள், பொங்கல் முடிந்த கையோடு என் மேசைக்கு வந்துவிடுகின்றன. வேலூரில் பழைய ஓவியங்களைச் சீர்செய்து பிரேம் போடுவது என் தொழில். இந்த முறை சத்துவாச்சாரியிலிருந்து ஒரு அம்மா, இரண்டு உள்ளங்கை அகல ஹார்டுபோர்டு ஒன்றைக் கொண்டுவந்தார். ஓவிய ஆசிரியராக இருந்த மாமனார் பழவேற்காட்டுக் கரையில் உட்கார்ந்து வரைந்ததாம். கீழே கொஞ்சம் மணல், இரண்டு படகுகள், மீதி எல்லாம் வானம்.

"மணல் மணலா அழுக்கு ஒட்டியிருந்துச்சு சார். நகத்தால சுரண்டி எடுத்துட்டு, தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைச்சேன். இப்போ பாருங்க, பளபளன்னு இருக்கு."

பளபளவென்றுதான் இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் வண்ணப்பரப்பு முழுக்கக் குழி. குழிக்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் பஞ்சு இழை. ஒரு படகின் பாய்மரத்தைக் காணோம்.

அது அழுக்கு இல்லை அம்மா, மணலேதான். ஈர வண்ணத்தின் மேல் கடற்காற்று கொண்டுவந்து போட்டது. லண்டன் தேசியக் கலைக்கூடத்தில், பிரெஞ்சு ஓவியர் மோனே 1870இல் பிரான்ஸின் த்ரூவில் கடற்கரையில் வரைந்த சின்னப் படம் ஒன்று இருக்கிறது. அதன் வண்ணத்துக்குள் மணலும் சிப்பித் துணுக்கும் இன்றும் அப்படியே இருக்கின்றன. யாரும் சுரண்டவில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்துதான் வரைந்தார் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி ஏது?

மோனேவை வெளியில் போய் வரையப் பழக்கியவர் யூஜீன் பூதான். 1824இல் பிரான்ஸின் ஓன்ஃப்ளர் துறைமுகத்தில் மாலுமி வீட்டில் பிறந்தவர். சிறுவயதிலேயே படகு வேலை. அப்புறம் லெ ஆவ்ர் நகரில் காகிதமும் படச்சட்டமும் விற்கும் கடை வைத்தார். ஊருக்கு வரும் ஓவியர்களின் படங்களுக்கு அங்கே சட்டம் போட்டுக் கொடுத்தார். எங்கள் தொழிலிலிருந்து கிளம்பிப் போன மனிதர் என்பதால் அவர்மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம். கடையை விட்டுவிட்டு வாழ்நாள் முழுக்கக் கடலும் வானமுமே வரைந்தார். தேதி, மணி, காற்று வீசும் திசை எல்லாவற்றையும் படத்திலேயே குறித்து வைக்கிற ஆள். 1898இல் அவர் இறந்த பிறகு, பட்டறையில் கிடந்த 200க்கும் மேற்பட்ட படங்களை அவருடைய தம்பி லெ ஆவ்ர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். பெரும்பாலும் விற்பதற்கு வரைந்தவை அல்ல. மேகம் கலைவதற்குள் முடிக்க வேண்டும், பெட்டிக்குள் அடங்க வேண்டும். அதனால்தான் சின்ன அளவு, அவசரத் தூரிகை, சில இடங்களில் வெறும் பலகையே தெரியும். அவை நம் ஊர் வீடு ஒன்றுக்கு வந்திருந்தால், "பாதியில விட்டுட்டாரு போல" என்று யாராவது நீலம் அடித்து நிரப்பியிருப்பார்கள்.

சரி, எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுவது இங்கேதான். "பழைய ஆயில் பெயின்டிங் வறண்டு வெடிச்சிருக்கு, எண்ணெய் காட்டினா குடிச்சிக்கும்" என்று ஊரே நம்புகிறது. குடிக்காது. ஓவியர்கள் பயன்படுத்துவது ஆளிவிதை எண்ணெய். அது ஈரத்துணி காய்வதுபோல் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டிப் படலமாகவே மாறிவிடுகிறது. மாறினது மாறினதுதான். அதில் விழுந்த வெடிப்பை எந்த எண்ணெயும் மூடாது. தேங்காய் எண்ணெய்க்கோ அப்படிக் காய்ந்து படலமாகும் குணமே கிடையாது. பத்து வருஷம் கழித்தும் பிசுபிசுவென்றே இருக்கும். வெடிப்பு வழியாக இறங்கி ஹார்டுபோர்டைக் கறுக்க வைக்கும். பைபாஸ் லாரிப் புழுதி மொத்தத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நல்லெண்ணெய் இன்னும் மோசம், அரைகுறையாகக் கெட்டியாகும். குத்துவிளக்கின் அடியில் கறுத்துத் திரண்டிருக்குமே ஒரு பிசுக்கு, அதேதான் படத்தின் மேலும் படியும். எடுப்பதற்குக் கரைப்பான் வேண்டும். கரைப்பான் பட்டால் வண்ணமும் சேர்ந்து வந்துவிடுமோ என்ற பயத்தோடேயே வேலை பார்க்க வேண்டும்.

யூடியூபில் உருளைக்கிழங்கை வெட்டித் தேய்க்கிறார்கள். மாவுச்சத்து ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் கரப்பானும் விருந்துக்கு வரும். நாங்கள் சில அழுக்குகளைப் பஞ்சில் எச்சில் தொட்டு எடுப்பதுண்டு, உண்மைதான். எந்த வண்ணம் தாங்கும், எது தாங்காது என்று ஓரத்தில் சோதித்துவிட்டுத்தான் தொடுகிறோம். அதைக் கேட்டுவிட்டு நீங்கள் வீட்டில் ஆரம்பிக்காதீர்கள். ஹார்டுவேர் கடை மர வார்னிஷ் பற்றிப் பேசவே எனக்குத் தெம்பில்லை.

அப்போது என்னதான் செய்வது? டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். வண்ணம் செதில் செதிலாகத் தூக்கியிருந்தால் தொடவே தொடாதீர்கள். இல்லையென்றால் மெத்தென்ற உலர்ந்த பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டுங்கள், தண்ணீர்கூட வேண்டாம். மேற்கு வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். தகரக் கூரைக்கு அடியில் உள்ள பரணில் போடவே கூடாது. கத்திரி வெயிலில் நம் ஊர்த் தகரம் என்ன சூடு ஏறும் என்று உங்களுக்கே தெரியும். கண்ணாடி போடலாம், ஆனால் வண்ணத்தில் அழுந்தக் கூடாது, நடுவில் இடைவெளிக் கட்டை வைக்கச் சொல்லுங்கள். பின்பக்கத்தில் பெயரோ தேதியோ இருக்கலாம், தயவுசெய்து அதன்மேல் காகிதம் ஒட்டாதீர்கள். உதிர்ந்த செதில்களைக் குப்பையில் பெருக்காமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள். தூசி மாதிரி இருந்தாலும் எங்களுக்கு வேண்டும்.

ஏற்கெனவே எண்ணெய் தடவிவிட்டீர்களா? சோப்பு, டர்பன்டைன் என்று அடுத்த வைத்தியத்துக்குப் போகாதீர்கள். படத்தை மல்லாக்க வைத்து, மேலே எதுவும் ஒட்டாதபடி அட்டைப் பெட்டியில் எடுத்து வாருங்கள். தடவியது தேங்காயா, நல்லெண்ணெயா என்று மறைக்காமல் சொல்லுங்கள், ரெண்டுக்கும் வேலை வேறு. திட்ட மாட்டேன். கொஞ்சம் திட்டுவேன், அப்புறம் வேலையைத் தொடங்கிவிடுவேன்.