நிலவெப்ப ஏற்றி: சொல் விளக்கம்

ஜியோதெர்மல் ஹீட் பம்ப் என்பது, மண்ணுக்குள் இறக்கிய குழாய்களின் துணையோடு வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் செய்யும் இயந்திரம். கிரேக்கத்தில் 'கே' என்றால் நிலம், 'தெர்மே' என்றால் வெப்பம். இயந்திரத்தால் வெப்பத்தைக் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்கு மாற்றலாம் என்று கெல்வின் பிரபு 1852-இல் விளக்கினார். அந்த வெப்பத்தை நிலத்திலிருந்தே எடுக்கலாம் என்ற கருத்துக்கு 1912-இல் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்தின் ஹைன்ரிச் சோலி.

'புவிவெப்ப பம்பு' என்று தமிழாக்கினால் பொருள் பிசகுகிறது. புவிவெப்பம் என்றால் பூமியின் ஆழத்துச் சூடு. ஐஸ்லாந்திலும் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கிலும் வெந்நீர் ஊற்றாக வெளிவருவது அதுதான். நம் இயந்திரம் தொடுவது பெரும்பாலும் வெயில் ஊட்டி மேல்நிலத்தில் தங்கிய வெப்பம். சுமார் 10 மீட்டருக்குக் கீழே அது ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை; ஊரின் சராசரி வெப்பநிலையை ஒட்டியே நிற்கும். கோவை வட்டாரத்தில் 27, 28 டிகிரி செல்சியஸ் எனலாம். மார்கழி விடியலில் போர்த் தண்ணீர் கைக்கு வெதுவெதுப்பாகப் படுவது இதனால்தான். ஆகவே 'நிலவெப்பம்' என்பதே சரி.

பம்புக்கு 'எக்கி' என்ற நல்ல சொல் உண்டு. ஆனாலும் இங்கே 'ஏற்றி' என்பதே என் தேர்வு. கிணற்றுத் தண்ணீர் தானாக மேலே வராது. கொங்கு நாட்டுத் தோட்டங்களில் காளைகள் கவலை (கயிறு பூட்டி நீர் இறைக்கும் முறை) இழுத்துத்தான் பறி என்ற நீர்க்கலனை மேலேற்றின. வெப்பமும் தாழ்ந்த வெப்பநிலையிலிருந்து உயர்ந்ததற்குத் தானாக ஏறாது. காளைகளின் வேலையை இங்கே கம்ப்ரசர் செய்கிறது. குளிர்நாட்டில் 10 டிகிரி மண்ணிலிருந்து சூடாக்க வேண்டிய 35 டிகிரி வீட்டுத் தரைக்கு, ஈரோட்டுச் சித்திரையில் 25 டிகிரி அறையிலிருந்து 28 டிகிரிப் பாறைக்கு என எந்தத் திசையில் ஓடினாலும் அது ஏற்றம்தான். வெப்பத்தை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால், 1 யூனிட் மின்சாரத்தில் 3, 4 யூனிட் வெப்பத்தை நகர்த்த முடிகிறது. ஹீட்டரால் இது ஆகாது.

வெளியே 40 டிகிரி கொதிக்கையில், சாதாரண ஏசி அந்த அனல் காற்றில்தான் வெப்பத்தைக் கொட்டியாக வேண்டும். 28 டிகிரிப் பாறையில் கொட்டுவது எளிது. நம் பகுதியின் கடும்பாறை, காய்ந்த மண்ணைவிட நன்றாக வெப்பம் கடத்தும். துளையிடத் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இருக்கின்றன. துளையில் 'ப' வடிவில் வளைத்த பாலிதீன் குழாயை இறக்கி, சுற்றிலும் பெண்டோனைட் என்ற களிமண் கூழ் நிரப்ப வேண்டும். காற்றிடைவெளி விட்டால் வெப்பம் பாறைக்குப் போகாது.

ஒன்றை மறைக்கக்கூடாது. குளிர்நாட்டில் கோடையில் கொடுத்த வெப்பத்தைக் குளிர்காலத்தில் திரும்ப எடுக்கிறார்கள். இங்கே கொடுப்பது மட்டுமே நடந்தால், துளையைச் சுற்றிய பாறை ஆண்டுக்கு ஆண்டு சூடேறி, பயன் தேயும். அறையிலிருந்து எடுத்த வெப்பத்தில் ஒரு பங்கைக் குளியல் வெந்நீருக்குத் திருப்பினால் அந்தச் சுமை குறையும். செலவும் துளையிடுவதில்தான் பெரிது. தனி வீட்டைவிட மருத்துவமனை, விடுதி போன்ற இடங்களுக்கே முதலில் பொருந்தும்.

தொடர்புச் சொற்கள்: மண்ணுக்குள் ஓடும் குழாய்த்தொடர் நிலச்சுற்று. வெளிக்காற்றோடு வெப்பம் மாற்றுவது காற்றுவெப்ப ஏற்றி. கிணறு, குளத்து நீரோடு மாற்றுவது நீர்வெப்ப ஏற்றி.